விசுக்கோத்து வந்த வழி

தமிழர் சமையற்கலைக்குச் சொல்வளத்தில் குறைவில்லை. அவித்தல், பொரித்தல், வறுத்தல், வதக்குதல், வாட்டுதல், சுடுதல், தாளித்தல் என அடுப்படி வினைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு சொல்லும் நெருப்புக்கும் உணவுக்கும் இடையே உள்ள ஒவ்வோர் உறவைக் குறிப்பது. ஆயினும் இந்த வரிசையில் ஒரு வினைக்கு மட்டும் பழந்தமிழில் தனிச்சொல் காணப்படவில்லை. நாற்புறமும் அடைத்த ஒரு கூட்டினுள், சுடர் தீண்டாமல் அனல் மட்டும் மேலும் கீழும் சூழ்ந்து நிற்க, பிசைந்த மாவை நீரும் எண்ணெயும் இன்றி வேகவைப்பதே அவ்வினை. இக்காலத்தில் அதனை ‘வெதுப்புதல்’ என்கின்றனர். சொல் பழையதே, அதற்கு ஏற்றிய பொருள் புதியது. வெதுப்பகம், அடுமனை என்பனவும் அண்மைக் காலத்து ஆக்கங்களே. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ்ப் பெண்கள் வாய்வழக்கில் ‘பேக் பண்றது’ என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். பொருள் இல்லாத இடத்தில் சொல் எங்ஙனம் பிறக்கும்?

இந்தச் சொல்லாராய்ச்சிக்கு இப்போது என்ன தேவை என்று கேட்கலாம். தேவை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இல்லங்களில் தீபாவளித் தட்டு மாறிவிட்டது. முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் இருந்த தட்டில் நெய் பிஸ்கட் வந்து நெடுங்காலம் ஆயிற்று. அதனருகே இப்போது சாக்லெட்டும் புதினாச் சத்தும் சேர்த்து, கடித்தால் நொறுங்காமல் மெல்ல இசைந்து வரும் கரிய ‘குக்கி’ வீட்டிலேயே செய்து வைக்கப்படுகிறது. “இதெல்லாம் நம்ம பலகாரமா?” என்று பெரியவர்கள் கேட்பதும், இளையவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துக்கொள்வதும் ஆண்டுதோறும் நடப்பவை. பெரியவர்களின் வினா புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் அதற்கு விடை சுவையில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாறும் பெரும்பாலும் மாவின் வரலாறன்று, அடுப்பின் வரலாறு.

பழந்தமிழகத்தில் பண்ணியம் செய்து விற்றோர் இருந்தனர். மதுரைக்காஞ்சியிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் வரும் கூவியர் என்போர் அப்ப வாணிகர். அகலில் பாகு காய்ச்சி இனிப்பு அப்பம் செய்த அவர்களுடைய தொழில் அகன்ற கலத்தையும் பாகையும் நம்பியது. அடைத்த அடுப்பை நம்பியதன்று. அடைத்த அடுப்பைத் தமிழர் அறியாதவரும் அல்லர். குயவனை விளித்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் சூளையின் புகை வானத்தில் திரண்டு நிற்பது காட்டப்படுகிறது. கலம் சுடவும், செங்கல் சுடவும், சுண்ணாம்பு நீற்றவும் தமிழனுக்குச் சூளை இருந்தது. சோற்றையும் பிட்டையும் ஆவியிலும் நீரிலும் வேகவைத்துப் பழகிய அரிசி நாட்டில், அச்சூளைக்குள் மாவை வைக்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. கோதுமை விளைந்த வடமேற்கில் தந்தூர் அடுப்பு நிலைபெற்றதையும், நெல் விளைந்த தெற்கில் இட்டலிக் கொப்பரை நிலைபெற்றதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் தானே புலப்படும்.

கோலாலம்பூர்த் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பெயரளவிலேயே ஒரு செங்கற்சூளைப் பேட்டை என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. 1881 ஆம் ஆண்டுத் தீயும் வெள்ளமும் அத்தாப்பும் பலகையுமாக இருந்த நகரை அழித்தபின், கல்லும் ஓடும் கொண்டு வீடுகள் எழவேண்டும் என்று ஆட்சியினர் வற்புறுத்தினர். அதற்கென யாப் ஆ லோய் இப்பகுதியில் சூளைகளை நிறுவினார். பின்னர் இரயில்வேயின் பணிமனைகளும் குடியிருப்புகளும் இங்கே எழுந்தன. 1886 ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், அப்பாதையை நம்பி வாழ்ந்த தமிழரின் தொகை பெருகியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் ஒரே பேட்டையில் வாழ்ந்தனர். இந்த இரண்டாம் கூட்டத்தார் தம்முடன் கொண்டு வந்த சொற்களில்தான் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய தடயம் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழில் ரொட்டி சுடும் அடைத்த அடுப்புக்குப் பெயர் போறணை. இது போர்த்துக்கேய மொழியின் ‘போர்னோ’ என்னும் சொல்லின் திரிபு. பாண் என்பது ‘பாவ்ங்’ என்று அவர்கள் ஒலிக்கும் சொல். விசுக்கோத்து என்பது ‘பிஸ்கோய்த்து’. சமையலறையைக் குறிக்கும் குசினி என்னும் சொல்லும் ‘கொசின்ஹா’ என்பதன் மாற்றமே. இது ஈழத்தோடு நில்லாமல் மலேசியத் தோட்டப்புறத் தமிழிலும் வேரூன்றியது. அறை, அடுப்பு, அதில் வேகும் பண்டம் ஆகிய எல்லாமே ஒரே மொழியிலிருந்து வந்திருப்பது தற்செயலன்று. போர்த்துக்கேயர் 1511 இல் மலாக்காவைக் கைப்பற்றினர். 1619 இல் யாழ்ப்பாணத்தையும் தம் ஆட்சியில் கொண்டனர். வந்தவர் போறணையோடு வந்தனர். மலாய் மொழியில் வெண்ணெயைக் குறிக்கும் ‘மெந்தேகா’வும் போர்த்துக்கேயச் சொல்லே, ‘பஹூலு’ என்னும் முட்டைப் பண்டத்தின் பெயரையும் ‘போலு’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லோடு இணைத்துக் கூறுவர். தமிழரும் மலாய்க்காரரும் ஒரே ஆசிரியனிடம் ஒரே பாடத்தைத் தனித்தனியே கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

விசுக்கோத்து என்னும் சொல்லின் மூலப்பொருள் ‘இருமுறை சுட்டது’ என்பது. கடற்பயணத்தில் கெடாதிருக்க ரொட்டியை மறுபடியும் அனலில் உலர்த்திய வழக்கம் அப்பெயரில் உறைந்து கிடக்கிறது. ஆகவே பெயரின்படி பார்த்தால் பிஸ்கட்டின் இலக்கணம் வறட்சியும் மொறுமொறுப்புமே. ‘குக்கி’ என்பதோ வேறு வழி வந்தது; சிறு பணியாரத்தைக் குறிக்கும் டச்சுச் சொல் அமெரிக்கா சென்று அவ்வடிவம் பெற்றது. மலாய் மொழியில் பலகாரத்தைக் குறிக்கும் ‘கூயே’ ஒலியால் இதற்கு உறவு போலத் தோன்றும், உறவில்லை. அது ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல். ஒலி ஒத்த இடத்திலெல்லாம் உறவு கற்பிக்கும் சொல்லாராய்ச்சியாளருக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

தென்னிந்தியாவில் இத்தொழில் உள்நாட்டவர் கைக்கு வந்தமைக்குத் தலைச்சேரி ஒரு சான்று. 1880 இல் மாம்பள்ளி பாப்பு என்பார் அங்கே ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். மலாயாவில் ரொட்டி சுடும் தொழிலைத் தமிழ் முஸ்லிம்களும் ஹைனான் சீனர்களும் பெரிதும் மேற்கொண்டனர். சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி, ஒலிப்பானை அழுத்திக்கொண்டு தோட்டத்து லயங்களுக்கு வந்த ரொட்டிக்காரரை முந்திய தலைமுறையினர் அனைவரும் அறிவர். பிஸ்கட்டோ தகரத்தில் வந்தது. 1822 இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தோன்றிய ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத்தின் தகரங்கள் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் சென்றன. துரை பங்களாவின் குசினியில் ஓவன் இருந்தது. அதனை ஆண்டவர் பெரும்பாலும் ஹைனான் சமையற்காரர். லயத்து வீட்டுக்கு எட்டியது வெறுந்தகரம் மட்டுமே. அதில் முறுக்கைப் போட்டு வைத்தார்கள். பிஸ்கட் வருவதற்கு முன்பே பிஸ்கட் தகரம் தமிழ் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது சிரிப்பூட்டும் உண்மை.

ஓவன் இல்லாத வீட்டில் வெதுப்பும் வழியை எவர் கற்பித்தனர்? இங்கே அண்டை வீட்டு மலாய்ப் பெண்களுக்கு உரிய பெருமையைக் கொடுத்தே ஆகவேண்டும். பஹூலு சுடும் பித்தளை அச்சைத் தணலின்மேல் வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்புவது அவர்களது முறை. கீழ்த் தணல் அடியை வேகவைக்கும். மேல் தணல் முகத்தைச் சிவக்கவைக்கும். இதே நுட்பத்தால் கனத்த சட்டியில் மணலோ தட்டோ இட்டு, மூடிமேல் கரியை எரியவிட்டுக் கேக் சுட்டனர் தமிழ்ப் பெண்களும். அடுத்து வந்தது அடுப்பின்மேல் தூக்கி வைக்கும் தகர ஓவன். அதற்கு வெப்பமானி இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் பழுக்கிறது என்று பார்த்துச் சூட்டை மதிப்பிட்டனர். காகிதம் கருகினால் மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை இறக்குவார்கள். அளவுகோல் இல்லாத அறிவியல் என்று இதனைச் சொல்லலாம்; ஆனால் அறிவியலே அன்று என்று சொல்ல இயலாது.

நெய் பிஸ்கட் இந்தக் காலத்துக்கு உரியது. மாவையும் பொடித்த சீனியையும் உருக்கிய நெய்யில் பிசைந்து உருட்டிச் சுடுவது, முட்டை வேண்டியதில்லை, குறைந்த சூடே போதும். குசராத்தியர் நான்கடாய் எனவும், மலாய்க்காரர் சூஜி எனவும் வழங்கும் பண்டங்களின் உறவினர் இது. சைவ வீட்டிலும் தடையின்றி நுழைய முடிந்தது இதனால்தான். அக்காலத்துத் தகரப் பிஸ்கட்டில் என்ன கொழுப்பு இருக்குமோ என்ற ஐயம் பலருக்கு இருந்தது. தன் வீட்டு நெய்யில் தானே பிசைந்தது என்றால் ஐயத்துக்கு இடமேது?

மூலப்பொருள்களின் கதை சுருக்கமானது. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. மாவு கப்பலில் வந்தது; ஜப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை அதுவும் அற்றுப்போய் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. 1960-களில் நாட்டிலேயே மாவாலைகள் எழுந்தன. பிளாண்டா என்னும் பெயரே தாவர வெண்ணெய்க்குப் பொதுப்பெயராகிவிடும் அளவுக்கு அந்தத் தகரம் எல்லா இனத்தார் குசினியிலும் இடம் பெற்றது. மின்சாரம் மட்டும் எல்லாரிடமும் ஒரே காலத்தில் வந்து சேரவில்லை. மத்திய மின்சார வாரியம் 1949 இல் அமைந்தது. கிள்ளானில் கன்னாட் பாலத்து மின் நிலையம் 1953 இல் திறக்கப்பட்டது. அந்நிலையத்தின் கம்பிகள் தோட்டங்களைத் தாண்டியே நகருக்குச் சென்றன. தோட்டத்து லயங்கள் பலவற்றிலோ மாலையில் சில மணி நேரம் ஓடும் எந்திரமே விளக்குக்கு ஆதாரமாக நெடுங்காலம் இருந்தது. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான குறைந்த அளவு நெறிகளை வகுத்த சட்டம் 1990 இல் வந்தது என்பதை நினைத்தால், லயத்தில் மின் ஓவன் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றாது.

இனிச் சாக்லெட்டுக்கு வருவோம். இங்கேதான் இவ்வரலாறு தமிழ் உழைப்போடு நேரே வந்து முட்டுகிறது.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. மாயரும் அஸ்டெக்கரும் அதன் கொட்டையை அரைத்துக் கசப்பான பானமாகப் பருகினர். ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று சீனி கலந்தனர். 1828 இல் ஹாலந்து நாட்டு வான் ஹௌட்டன் கொட்டையின் கொழுப்பைப் பிழிந்து தூளைப் பிரிக்கும் முறையைக் கண்டார். 1847 இல் இங்கிலாந்தின் பிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லெட்டைச் செய்தது. கொக்கோவின் தமிழகத் தொடர்பு பலரும் அறியாதது. இந்தியாவுக்கு அது முதன்முதலில் வந்து சேர்ந்ததாகக் குறிக்கப்படும் இடம் திருக்குற்றாலம், ஆண்டு 1798. மலாயாவிலோ அதற்கு இருபது ஆண்டு முன்னரே, 1778 இல், மலாக்காவில் கொக்கோ இருந்ததாகப் பதிவு உண்டு. இரண்டும் அன்று தோட்டத் தொழிலாக வளரவில்லை.

1950-களில் திரெங்கானுவின் ஜெராங்காவிலும் பின்னர்ச் சபாவிலும் நடந்த பயிர்முயற்சிகளுக்குப் பிறகே கொக்கோ மலாயாவில் பெரும்பயிராயிற்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், சிலாங்கூர், கீழ்ப்பேராக் ஆகிய கடலோரப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில், தென்னையின் நிழலில் ஊடுபயிராக அது நடப்பட்டது. தேங்காய் வெட்டிய கையே கொக்கோவும் வெட்டிற்று. கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை; அடிமரத்திலும் பருங்கிளையிலும் ஒட்டிக் காய்ப்பது. காம்பின் அடியில் உள்ள மொட்டுப்பகுதி சிதையாமல் அறுக்க வேண்டும். சிதைத்தால் அவ்விடத்தில் மறுபடி பூக்காது. அறுத்த காய்களைக் குவித்து உடைப்பார்கள். உள்ளே வெண்சதை பொதிந்த கொட்டைகள் இருக்கும். அச்சதை புளிப்பும் இனிப்புமானது. தோட்டத்துப் பிள்ளைகள் அதனைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்கள். கொட்டை கசக்கும். அந்தக் கசப்புக்குள் சாக்லெட் இருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

அடையாளம் தோன்றுவது மரப்பெட்டியில். ஈரக் கொட்டைகளைப் பெட்டியிலிட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, இடையிடையே புரட்டிப் போடுவார்கள். எவரும் நெருப்பு வைக்காமலே பெட்டியின் உள்ளே சூடு ஐம்பது டிகிரியை நெருங்கும். காடி மணம் மூக்கைத் துளைக்கும். அச்சூட்டில் விதை இறந்து, பின்னால் வறுக்கும்போது சாக்லெட் மணமாக மாறவேண்டிய கூறுகள் உருவாகின்றன. புளிக்காத கொட்டையை எத்துணைத் திறமாக வறுத்தாலும் அம்மணம் வாராது. பின்னர் வெயிலிலோ உலர்த்தும் கூடத்திலோ ஈரம் ஏழு விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை காயவைத்துச் சாக்கில் கட்டுவர். சாக்கு கப்பல் ஏறும். மலேசியக் கொட்டைக்குப் புளிப்பு மிகுதி என்று உலகச் சந்தையில் விலை சற்றுக் குறைத்தே கேட்டனர். வெட்டியவர், உடைத்தவர், புரட்டியவர், காயவைத்தவர் ஆகியோரில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர், பெண்கள் பலர். கொக்கோத் தூளைச் சீனி மாவில் கலந்து பிசையும் வாய்ப்பு அவர்களுக்கு அன்று இல்லை. கையில் கொக்கோ இருந்தது. வீட்டில் ஓவன் இல்லை. கடையில் கொக்கோத் தூள் இருந்தது. அது பால், சீனி கலந்த மைலோவாகத் தகரத்தில் இருந்தது.

1990 இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் 2,47,000 டன்னை எட்டியது. உலகில் முன்னணியில் நின்ற நாடுகளுள் ஒன்றாக இந்நாடு இருந்தது. அடுத்து வந்த வீழ்ச்சியோ ஏற்றத்தினும் விரைவானது. காய்துளைக்கும் புழு, விலைச் சரிவு, ஆள் பற்றாக்குறை ஆகிய மூன்றும் கூடித் தாக்கின. எண்ணெய்ப் பனை அருகிலேயே அழைத்தது. கொக்கோ மரங்கள் சாய்க்கப்பட்டன. 2020-க்குப் பின் ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னையும் எட்டவில்லை. போர்ட் கிள்ளானிலும் பாசிர் கூடாங்கிலும் உள்ள ஆலைகள் இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் கொட்டையை அரைக்கின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து சாக்கு போன துறைமுகத்துக்கு இன்று சாக்கு வருகிறது.

மரம் சாய்ந்த அதே காலத்தில் மனிதரும் பெயர்ந்தனர். எபிங்ஹாம் தோட்டம் 1950-களில் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் ஷா ஆலம் எழுந்தது. சீபீல்டு தோட்டம் 1970-களிலிருந்து சுபாங் ஜெயாவாக மாறிற்று. லயத்தை விட்டவர்கள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அப்பெயர்ச்சியில் இழந்தவை பல: காய்கறிக் கொல்லை, மாட்டுக் கொட்டகை, கோயில், அடுத்த வீட்டு உறவு. இழப்பைப் பேசும் எழுத்துகள் நிறைய வந்துள்ளன, வரவேண்டியவையே. அவற்றின் ஓரத்தில் ஒரு சிறு வரவையும் எழுதிவைக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேர மின்சாரமும் சமையல் வாயுவும் கிடைத்த அந்த வீடுகளில்தான், ஒரு காலத்தில் கொக்கோ உடைத்த பெண்ணின் மகள் தவணை முறையில் ஓவன் வாங்கினாள். தாய் உடைத்ததை மகள் சுட்டாள். இடையில் ஒரு தலைமுறை கழிந்தது.

புதினாவின் வழி வேறு. அதன் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. பண்டைத் தமிழ் நூல்கள் பேசும் கீரையன்று. இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் புதினா துவையலுக்கும் பிரியாணிக்கும் உரியது. பிஸ்கட்டுக்கு ஏற்ற பெப்பர்மிண்ட் அதன் உறவினமே ஆயினும் வேறு செடி. நீர்ப்புதினாவும் தோட்டப் புதினாவும் கலந்து பிறந்த இனம். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தனியினமாக அடையாளம் காணப்பட்டது. நாவைக் குளிர்விக்கும் மெந்தால் மிகுதியாக இருப்பது அதில்தான். கடைப் புதினாவில் அது மிகக் குறைவு. ஆதலின் அரைத்த புதினாவை மாவில் சேர்த்தவர்களுக்குக் கிடைத்தது சாக்லெட் துவையல். பெப்பர்மிண்ட் சத்தையே சொட்டு எண்ணிச் சேர்க்க வேண்டும். சாக்லெட்டையும் மிண்டையும் இணைத்த பண்டங்கள் இருபதாம் நூற்றாண்டில் பரவின. அமெரிக்கச் சாரணச் சிறுமியர் 1951 இல் விற்ற பிஸ்கட்டுகளில் சாக்லெட் மிண்ட் ஒன்று. இங்கிலாந்தில் ஆப்டர் எய்ட் என்னும் மெல்லிய சாக்லெட் 1962 இல் வந்தது. மெந்தால் உண்மையில் வாயைக் குளிரச் செய்வதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, குளிர்ந்ததாக நம்பவைக்கிறது. கிள்ளான் வெயிலுக்கு அந்தப் பொய்யும் இதமே.

இப்பண்டத்தின் உயிர்நிலை அதன் மென்மையில் இருக்கிறது. மொறுமொறுப்பைப் பாராட்டிப் பழகிய தமிழ் நாவுக்கு, வளைந்து இழுபடும் பிஸ்கட் ‘சரியாக வேகாதது’ என்றே முதலில் தோன்றும். அப்படிச் சொல்பவர் அதிரசத்தை மறந்துவிட்டார். அதிரசம் நொறுங்குவதில்லை. விசயநகர அரசர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் படையலாகக் குறிக்கப்படும் பழமை அதற்கு உண்டு. ஊறவைத்து இடித்த ஈர அரிசி மாவில் வெல்லப் பாகை ஊற்றிக் கிளறி, ஒரு நாளேனும் வைத்திருந்து தட்டிச் சுடுவார்கள். பாகு பதம் தவறினால் எண்ணெயில் கரையும், அல்லது கல்லாகும். பதம் அமைந்தால் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் மாறாது. காரணம் வெல்லம். அதில் உள்ள பழச்சீனி வகைகள் காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் இயல்பின. மென்மையான குக்கியில் அதே வேலையைப் பழுப்புச் சீனி செய்கிறது. அதில் கலந்துள்ள கரும்புப்பாகு வெல்லத்தின் நெருங்கிய உறவு. வெள்ளைச் சீனி மட்டும் இட்டால் பிஸ்கட் மொறுமொறுக்கும். எனவே அதிரசம் சுட்டுப் பழகிய கைக்கு இங்கே புதிதாகக் கற்க வேண்டியது பாதியே.

செய்முறையும் அதனையே காட்டும். 150 கிராம் வெண்ணெயை உருக்கி ஆறவிட்டு, 180 கிராம் பழுப்புச் சீனியும் 50 கிராம் வெள்ளைச் சீனியும் கலந்து, ஒரு முழு முட்டையும் ஒரு மஞ்சட்கருவும் சேர்த்துக் கலக்குவர். மஞ்சட்கருவின் கொழுப்பு மென்மைக்குத் துணை. அரைத் தேக்கரண்டி பெப்பர்மிண்ட் சத்து போதும். மிகுந்தால் பற்பசை நினைவு வரும். 200 கிராம் மைதா, 50 கிராம் சீனி சேராத கொக்கோத் தூள், அரைத் தேக்கரண்டி சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, பிசையாமல் கலந்து மட்டும் விடவேண்டும். பிசைந்தால் கோதுமையின் பசை இறுகிவிடும். நறுக்கிய சாக்லெட் 150 கிராம் கடைசியில். குளிர்நாட்டுக் குறிப்புகளில் விட்டுவிடும் ஒரு படி இங்கே இன்றியமையாதது: கலவையைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமேனும் வைக்க வேண்டும். இந்த நாட்டு வெப்பத்தில் அவ்வாறு வைக்காத மாவு தட்டில் ஓடிப் பரந்து தோசையாகிவிடும். எலுமிச்சை அளவு உருட்டி, 175 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஓரம் இறுகி நடு இன்னும் குழைவாக இருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வேகும். ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்று காத்திருப்பவருக்கு மொறு பிஸ்கட்டே கிடைக்கும். அதிரசத்தைச் சிவக்குமுன் எடுத்து இரு கரண்டிகளுக்கிடையே அழுத்தும் நிதானமும் இதுவே. முட்டை விலக்குவோர் அதற்கு ஈடாகத் தயிர் சேர்க்கின்றனர். மென்மை சற்றே குறையும், கெட்டுப்போவதில்லை.

பெரியவர்களின் வினா இன்னும் நிற்கிறது. மிளகாயும் நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றை அயலவை என்று எவரும் தட்டிலிருந்து எடுத்துவிடுவதில்லை. தட்டில் அச்சு முறுக்கு இருக்கிறது. காய்ந்த இரும்பச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் அம்முறை ஐரோப்பாவிலும் உண்டு. கொக்கோவை மட்டும் விலக்கக் காரணம் காண்பது அரிது. கிள்ளான் கடற்கரைத் தமிழரைப் பொறுத்தவரை அது பிறர் சொல்லிக் கேட்ட பொருளன்று, தம் கூலியில் கலந்த பொருள். ஆயினும் பெரியவர்களின் அச்சத்தில் பாதி உண்மை உண்டு. ஓவனுக்கு எண் இருக்கிறது. பாகுக்கு எண் இல்லை. எண் உள்ளதைப் புத்தகத்திலிருந்து கற்கலாம். பாகின் பதத்தை, நீரில் விட்டு விரலால் உருட்டிக் காட்டும் ஒருத்தி அருகில் நின்றே கற்பிக்க வேண்டும். இளம் பெண்கள் பலர் குக்கி சுடக் கற்றிருக்கின்றனர். அதிரசத்தைப் பணம் கொடுத்து வாங்குகின்றனர். பிஸ்கட் வந்ததால் அதிரசம் போயிற்று என்பது சரியன்று. சொல்லிக்கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே அடுக்களையில் நிற்கும் நேரம் குறைந்ததால் போகிறது.

2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வேலை இழந்த குடும்பங்கள் பலவற்றில் அந்த ஓவனே வருவாய்க்கு வழியாயிற்று. தொலைபேசியில் கேட்டு வாங்கி, புட்டியில் அடைத்து, மூடியைச் சுற்றிப் பசைநாடா ஒட்டி விற்ற பெண்கள் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே வேலையைத் தொடங்கினர். அவர்களுக்கு 2024 கடுமையான ஆண்டு. மேற்காப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு டன் பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. கொக்கோத் தூளின் விலை ஏற ஏற, சிலர் குக்கியின் அளவைக் குறைத்தனர். சிலர் புட்டிக்கு இரண்டு வெள்ளி கூட்டினர். வேறு சிலர் அவ்வாண்டு சாக்லெட்டை விட்டு நெய் பிஸ்கட்டுக்கே திரும்பினர்.